நுரைக்குள் இருந்த வயர்

பிரிட்ஜ்வாட்டரில் நாங்கள் வாங்கியது பழைய வீடு. குளிர்காலத்தில் மாடியில் என் மகளின் அறை மட்டும் சூடேறவே ஏறாது. மேலே கூரைக்கடியில் இருக்கும் அட்டிக் வழியாக வெப்பமெல்லாம் வெளியே போய்விடுகிறது என்றார்கள். அதனால் கூரையின் உட்பக்கம் முழுக்க ஸ்ப்ரே ஃபோம் அடித்தோம். குழாயிலிருந்து பீய்ச்சியதும் நுரையாகப் பொங்கி, கொஞ்ச நேரத்தில் ரொட்டி போல இறுகிவிடும். மரச்சட்டம், ஆணி, வயர் எல்லாம் அதற்குள் மூழ்கிப்போகும்.

ஃபோம் அடித்தும் அவள் அறை முழுதாகச் சூடாகவில்லை. சின்ன ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்தேன். அந்தக் குளிர்காலத்தில்தான் நாற்றம் ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி.

"யாரோ கருவாடு வறுக்கற மாதிரி இல்ல?" என்றாள்.

எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. இரண்டு வாரத்தில் மகளுக்கு இருமல் பிடித்தது. எட்டு வயதுக் குழந்தை, மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார். "அப்பா, மை ரூம் ஸ்மெல்ஸ் வியர்ட்" என்று தினமும் சொன்னாள். கலவை சரியாக அமையாத ஃபோம் மீன் வாடை அடிக்கும் என்று இணையத்தில் படித்தேன். ஃபோம் அடித்துவிட்டுப் போன கம்பெனியைக் கூப்பிட்டால் போனை எடுக்க ஆளில்லை. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

அந்த வேலைக்கு வந்த குழுவின் தலைவர் ஐம்பதைத் தாண்டியவர், நிதானமாகப் பேசுபவர். அட்டிக்கைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "மேலே நீங்களாக வயர் ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா? ஃபோமை அறுக்கும்போது பிளேடு எதன் மீது படும் என்று எங்களுக்குத் தெரியாது."

மனைவி என் பக்கத்தில் நின்றிருந்தாள். இல்லை என்றேன்.

அது பொய். ஃபோம் அடிப்பதற்கு முந்தைய கோடையில் மனைவியும் மகளும் சென்னை போயிருந்தபோது, அட்டிக்கில் நானே ஒரு விளக்கு போட்டேன். மூன்று வீடியோ பார்த்த தைரியம். அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு வயரை வெட்டி, புதிய வயரை அதோடு முறுக்கி, டேப் சுற்றினேன். அப்படிப்பட்ட இணைப்பு ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பில் பர்மிட் வாங்க வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை. ஊரிலிருந்து திரும்பியவளிடம், லைசென்ஸ் உள்ள ஆள் வந்து போட்டுவிட்டுப் போனார் என்று சொன்னேன். இப்போது அவள் முன்னால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அட்டிக்குக் கரண்ட் போகும் பிரேக்கர் ஸ்விட்சை அவர் எப்படியும் அணைத்துவிடுவார், என் விளக்கும் அதில்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேலை முடியும்வரை வீட்டில் இருக்கக்கூடாது என்பதால் பக்கத்தில் எடிசன் ஊரில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனோம். இரண்டாம் நாள் காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தத் தலைவரிடமிருந்து ஒரு படம் வந்தது. அட்டிக்கில் பாதிக் கூரை சுத்தமாகி மரம் தெரிந்தது. மீதி இருந்த ஃபோமில் நீலக் கோடு போட்டிருந்தார்கள். இன்று இந்தப் பக்கம் என்று எழுதியிருந்தார். அது என் மகளின் அறைக்கு நேர் மேலே.

அப்போதுதான் நினைவு வந்தது. விளக்கு போட்ட அன்று நான் அணைத்தது அட்டிக் பிரேக்கரை அல்ல. மகளின் அறையுடைய பிரேக்கரை. அப்படியானால் அந்த வயரில் இப்போதும் கரண்ட் இருக்கிறது.

அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அந்த இயந்திரச் சத்தத்தில், முகமூடிக்குள் இருப்பவருக்கு என்ன கேட்கும்? அவர் ஆபீஸுக்கு அடித்தேன். மெசேஜ் விடச் சொன்னது. விட்டேன். பாதி இட்லியோடு எழுந்து கார் சாவியை எடுத்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டாள். குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு வந்து காரில் ஏறினாள்.

287 நெடுஞ்சாலையில் ஏறியதும் சொல்லிவிட்டேன். பாதி சொல்லும்போதே அவள் என் போனை வாங்கி மறுபடி மறுபடி டயல் பண்ண ஆரம்பித்தாள்.

"ரிங் போகுது. எடுக்கல."

"திரும்பப் பண்ணு."

"பண்ணிட்டேதான் இருக்கேன். நைன் ஒன் ஒன் கூப்பிடட்டா?"

"இன்னும் அஞ்சு நிமிஷம்தான். போயிடலாம்."

அதைச் சொன்னது நான்தான். ஒரு மனிதரின் உயிர் போகலாம் என்று தெரிந்தும், வாசலில் போலீஸ் கார் நிற்பதை நினைத்து அப்படிச் சொன்னேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு 911-ஐ அழைத்து, நிதானமான ஆங்கிலத்தில் முகவரியைச் சொன்னாள். போனை வைத்த பிறகு கேட்டாள்:

"அந்த வயருக்குக் கீழதானே அவ தூங்கறா?"

முன்னால் போன லாரியின் பின்விளக்குகளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

வீட்டு வாசலை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடியிருந்தார்கள். உள்ளே இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. கராஜுக்குள் ஓடி மெயின் ஸ்விட்சை அணைத்தேன். எல்லாச் சத்தமும் ஒரே சமயத்தில் நின்றது. மேலே யாரும் பேசவில்லை. யாரும் நடக்கவில்லை. கத்திக் கூப்பிட்டேன். மறுபடி கத்தினேன்.

ஷீட்டின் ஜிப் திறந்தது. வெள்ளை உடையில் தலைவர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். "யார் அணைத்தது?" என்று கோபமாகக் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வார்த்தைகள் கோர்வையாக வரவில்லை என்றாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆட்கள் எல்லோரையும் கீழே வரச் சொன்னார். மூன்று பேர். எண்ணிப் பார்த்தேன்.

தீயணைப்பு வண்டி வந்தது. மேலே போன வீரர்கள் வெறும் கத்தியால் ஃபோமைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினார்கள். பிறகு என்னையும் ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னார்கள். டார்ச் வெளிச்சத்தில் நான் சுற்றிய டேப் உருகி ஒழுகியிருந்தது. சுற்றியிருந்த ஃபோம் கருகிக் கரியாகியிருந்தது. அதைத் தாங்கிய மரச்சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. அதே மீன் வாடை.

என் மகளின் ஹீட்டர் இழுத்த கரண்ட் முழுவதும், நான் சரியாக முறுக்காத அந்த இணைப்பு வழியாகப் போயிருக்கிறது. அது சூடாகி, வயரின் பிளாஸ்டிக்கும் ஃபோமும் கருகியிருக்கின்றன. "இன்னொரு குளிர்காலம் தாங்கியிருக்காது" என்றார் தீயணைப்பு அதிகாரி. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

குழுத் தலைவர் புல்வெளியில் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். தன்னுடைய பிளேடு அந்த இணைப்புக்கு நான்கு விரல் தள்ளி இருந்தது என்று விரலைக் காட்டிச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். "நான் உங்களிடம் கேட்டேன்" என்றார்.

டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் வந்தார். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் மாடியின் வயரிங்கை மாற்றி, கருகிய சட்டத்தையும் மாற்றிய பிறகே அதே குழு திரும்ப வந்து மீதி ஃபோமை எடுத்தது. மகளின் இருமல் மெல்லக் குறைந்தது. ஃபோமாலா, புகையாலா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

வீடு திரும்பிய அன்று மனைவி சொன்னாள்: "அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

சொன்னேன். மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "டிட் யூ நோ இட் வாஸ் பர்னிங்?" என்றாள்.

"தெரியாதுடா கண்ணா."

"பட் யூ நியூ த வயர் வாஸ் தேர்."

ஆமாம் என்றேன். அவள் தலையணையை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்குப் போனாள். அந்தப் பள்ளி வருடம் முடியும்வரை அங்கேதான், அம்மாவின் பக்கம் படுத்துத் தூங்கினாள்.