குப்பி உடைக்க ஆள் சேர்த்தவள்

தையல் கம்பெனியில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள் என்பதால் தெருவில் அவளுக்குக் காஜாக்காரி என்றே பெயர். அவள் வாயைத் திறந்தால் மெஷின் சத்தமே அமுங்கிப்போகும். அப்பேர்ப்பட்டவளையும் ஒரு மருந்துக் குப்பி இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது.

மகளுக்குத் தட்டம்மை ஊசி போட வேண்டும். சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டி லீவு வாங்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனால், நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார். "குப்பியை உடைச்சா பத்துப் பிள்ளைங்களுக்குப் போடலாம்மா. மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது, குப்பைக்குத்தான் போகும். வந்திருக்கிறதே ரெண்டு பிள்ளை. அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரமும் அதே பாட்டு. அதற்குள் பின்தெருவில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை. காஜாக்காரி இனி அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கத் தயாராக இல்லை.

"பத்துதானே? நானே பிடிச்சிட்டு வர்றேன்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். காய்ச்சல் வருமே என்றவளைச் சமாதானப்படுத்தினாள், வேலை இருக்கு என்றவளை மிரட்டினாள். அப்படியும் தன் மகளையும் சேர்த்து ஒன்பதுதான் தேறியது. பத்தாவது பிள்ளை இருந்தது எதிர்வீட்டில். துணி காயப்போடும் கயிற்றுக்காகச் சண்டை போட்டதிலிருந்து அந்த வீட்டோடு பேச்சே கிடையாது.

"அக்கா..." காஜாக்காரியின் குரலில் அத்தனை குழைவு. அவள் புருஷன் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பான். "தம்பிக்குத் தட்டம்மை ஊசி போட்டாச்சா?"

எதிர்வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "பொறந்தப்ப போட்டதோட சரி. ஒரு தவணை தவறிப்போச்சு. அப்புறம் போனா எல்லார் முன்னாடியும் திட்டுவாங்களேன்னு போகவே இல்ல."

பத்துப் பிள்ளைகளையும் பார்த்து நர்ஸ் சிரித்துவிட்டார். "இத்தனை பாடு எதுக்கும்மா? ஒரு பிள்ளை வந்தாலும் உடைக்கச் சொல்லி நேத்தே உத்தரவு வந்தாச்சு."

காஜாக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்திருந்தால் எதிர்வீட்டுப் படியை மிதித்திருப்பாளா? மகளுக்கு ஊசி போட்டாகும்வரை வாயை அடக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால், எதிர்வீட்டுக்காரி பையனோடு வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தாள்.

பையனின் தடுப்பூசி அட்டையைப் பார்த்த நர்ஸ், "இவ்வளவு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தே?" என்று ஆரம்பித்தார்.

"அதான் வந்துட்டாங்கள்ல மேடம்? ஊசியைப் போடுங்க." காஜாக்காரியின் குரல் பழையபடி ஆகிவிட்டது. நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்தார்.

அழுகிற பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்த எதிர்வீட்டுக்காரி மெதுவாகக் கேட்டாள். "அடுத்த தவணைக்கும் கூட வருவியா?"

சூப்பர்வைசரின் முகம் கண்முன் வந்து போனது.

"வராம?" என்றாள் காஜாக்காரி.