சூடு தெரியாத குதிகால்

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறார். சென்ற ஆண்டு உப்பு வாரும் பருவத்தில், காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே அவருக்குக் குதிகாலில் ஆணி இறங்குவது போல வலித்தது. நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார்.

"டாக்டர் எதுக்கு, நான் சரி பண்றேன்" என்று பெருமையாகச் சொன்னேன். எங்கோ படித்திருந்ததை நம்பி, செங்கல்லைச் சுடவைத்து, எருக்கிலை பரப்பி, அதன்மேல் குதிகாலை வைக்கச் சொன்னேன்.

"சூடா இருக்குதாம்மா?"

"சூடே தெரியலடி. இன்னும் கொஞ்சம் சூடு பண்ணு."

பண்ணினேன். மறுநாள் குதிகாலில் பெரிய கொப்புளம். அந்தக் காலோடு உப்புநீரில் இறங்கக் கிளம்பியவரைத் தடுத்து டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"வருஷக்கணக்கா உப்புப் பாத்தி மிதிச்ச காலு. தோல் தடிச்சுப் போச்சு, சூடு எப்படிம்மா தெரியும்?" என்று டாக்டர் என்னைத்தான் கடிந்துகொண்டார். சோதித்ததில் சர்க்கரை நோய் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முள் போல வளர்ந்திருந்தது.

"அறுக்கணுமா சார்?" அம்மா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. முள்ளு பலபேருக்கு இருக்குது. பாதத்துக்கு அடியில தசைநார் இறுகிப் போனதாலதான் இந்த வலி."

மெத்தென்ற செருப்பும், காலையில் எழும் முன் பாதத்தை இழுத்துவிடும் பயிற்சியும் சொன்னார். புண் ஆறியது, சில மாதங்களில் வலியும் அடங்கியது. இன்றும் அம்மா தரையில் கால் வைக்கும் முன், பாயில் உட்கார்ந்தபடியே துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுக்கிறார். "படிச்சவளே, எண்ணுடி" என்பார். எண்ணுவேன்.

யாருக்கு ஒத்தடம் கொடுத்தாலும், "சூடா இருக்குதா?" என்று இப்போது நான் கேட்பதில்லை. முதலில் என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.