வேப்பிலையைப் பிய்த்தெறிந்த நாள்

மலை ஏற்றத்தின் பாதியில் என் கணவர் சுப்பையா ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். "தலை வெடிக்குது தங்கம், கொஞ்சம் இரு" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு முன்னால் ஏறிப்போய், மேலே நின்று என்னைக் கேலி செய்கிறவர் அவர். மலையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதுதான் முதல் அறிகுறி.

இதே காய்ச்சல் கண்டவர்களின் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். பொறுமையாகத்தான் எழுத நினைத்தேன், முடியவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதை மறைத்து எழுதினால் உங்களுக்கும் பயனில்லை.

அவருக்குச் சாலை வேலை இலாகாவில் கிராணி (எழுத்தர்) உத்தியோகம். பட்டணத்துப் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மலையடிவாரக் கோலகுபுவுக்கு மாற்றலானோம். அதுவரை எனக்கு மலை என்றால் முருகன் குடியிருக்கும் பத்துமலைதான். இங்கே வீட்டுக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடும். முதல் வாரமே அருவி தேடிப் போனோம், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அவருடைய பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நானும் ஏறினேன். அருவிக்கு மேலே லாலான் புல் (இடுப்பளவு வளரும் கூரான புல்) மண்டிய மேடு ஒன்று உண்டு. அங்கே படுத்து உருண்டு கட்டுச்சோறு சாப்பிடுவோம்.

"முருகன் இருக்கிற மலைன்னா புண்ணியமாச்சும் உண்டு. வெறும் மலைக்கு எதுக்குப் போறீங்க?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். சின்ன வயதில் இரண்டு பேருக்குமே விளையாட வாய்க்கவில்லை. அதை இப்போது விளையாடிக்கொண்டிருந்தோம்.

காய்ச்சல் ஏறியதும் ஊர் டிரஸ்ஸரிடம் (மருந்து கொடுக்கும் உதவியாளர்) போனோம். மலேரியா என்று கொயினா மருந்து கொடுத்தார். கணவரின் முழங்கால் மடிப்பில் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. அதைக் காட்டினேன். "அட்டை கடிச்சிருக்கும்மா. காட்டுல திரிஞ்சா சும்மா விடுமா?" என்றார். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

கொயினாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. ரயிலில் அழைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில், நான் அண்ணி என்று கூப்பிடும் அவருடைய அக்கா வீட்டுக்கு வந்தேன். காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு.

காலையில் அவர் மார்பிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. அண்ணி பார்த்தார். கைகூப்பி, "ஆத்தா வந்துட்டா" என்றார். அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை ஏறியது, மருந்து நின்றது. ஆஸ்பத்திரி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றார்கள். பக்திக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. அம்மை என்று தெரிந்தால் சர்க்கார் ஆட்கள் நோயாளியைக் கொண்டுபோய்த் தனிக் கொட்டகையில் அடைப்பார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிந்தது. ஆனால் என் வாயை அடைத்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"இது அம்மை இல்ல அண்ணி. முத்து ஒண்ணுகூடக் கட்டலியே, பாருங்க."

"நீ பேசாத. காலுசட்டை மாட்டிக்கிட்டு காடுமலைன்னு அலைஞ்சவ நீ. யாரு செஞ்சதுக்கு ஆத்தா கோவிச்சுக்கிட்டாளோ!"

சில நாளில் தடிப்பு மங்கியது. ஆத்தா இறங்கிவிட்டாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று முடிவு செய்தார்கள். உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. அவர் பிதற்றிக்கொண்டிருந்தார், காதுக்குள் இரைகிறது என்றார். யார் காதிலும் அது விழவில்லை. பிடித்துத் தூக்கி மணையில் உட்காரவைத்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். அவர் அப்படியே சரிந்தார். உதடு நீலமாகிவிட்டது.

தெருவுக்கு ஓடி ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தினேன். இழுத்து வந்த சீனர் வாசலைப் பார்த்தார், வண்டியைத் திருப்பினார். வாசலில் வேப்பிலை தொங்கினால் என்ன பொருள் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லோருக்கும் தெரியும். நான் திரும்பி வந்து, அந்த வேப்பிலைக் கொத்தைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தேன். அந்தச் சீனர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், பிறகு வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

"பாவி! நீ நல்லாவே இருக்கமாட்டே!" என்று அண்ணி வாயில் அடித்துக்கொண்டு கத்தினார். நான் கணவரை மடியில் சாய்த்துக்கொண்டு போனேன். வேப்பிலையைப் பிய்த்தது பாவமாகப் படவில்லையா என்று இப்போதும் கேட்கிறார்கள். படவில்லை.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முழங்காலை மடக்கித் திருப்பினார். அந்தப் பொருக்கைக் கண்டதும் என்னிடம் மலாயில், "கெனாப்பா லம்பாட்?" என்று கத்தினார். ஏன் இவ்வளவு தாமதம் என்று என்னைக் கேட்கிறார்! யாரிடம் போய்ச் சொல்வேன்?

தமிழ் நர்ஸ் ஒருவர்தான் விளக்கினார். டைஃபஸ் (புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வரும் விஷக்காய்ச்சல்). கடித்த இடத்தில் பொருக்கு கட்டும். இதற்கென்று மருந்து கிடையாது. அசையாமல் படுக்கவைத்து, தண்ணீரும் கஞ்சியும் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். "இதுல நெஞ்சு ரொம்பப் பலவீனமாயிரும்மா. எழுப்பி உட்கார வச்சதே தப்பு" என்றார்.

உயிர் தங்கியது. செவி தங்கவில்லை.

தண்ணீர் ஊற்றாமல் இருந்திருந்தால் காது தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். அவர் உண்மையைத்தான் சொன்னார். ஆனாலும் அந்தப் பதிலை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

"உசுரு பொழச்சுதே, அது போதாதா?" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவருக்கு எது போதும் என்று சொல்ல இவர்கள் யார்?

உங்கள் வீட்டில் காய்ச்சல் இறங்காவிட்டால் உடம்பு முழுவதும் பாருங்கள். அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எதையும் விடாதீர்கள். கறுப்புப் பொருக்கு இருந்தால் அதை டாக்டர் குனிந்து பார்க்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள். தடிப்பைக் கண்டதும் கைகூப்புகிறவர்கள் கூப்பட்டும், நீங்கள் வண்டியைக் கூப்பிடுங்கள்.

கோலகுபுவுக்குத் திரும்பிவிட்டோம். மெல்ல நடக்கலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு ஞாயிறுக்குள் ஒரு மலை அடங்கும். இப்போது முதல் வளைவுக்குப் போய் வரவே ஞாயிறு போதவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் என் விரல்கள் அவர் நாடிக்குப் போய்விடுகின்றன. பின்னால் லோரி வருவதையும் கிளை முறிவதையும் இரண்டு பேருக்குமாக நானே கேட்கிறேன். என் காதுக்கு ஓய்வே இல்லை.

தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் கத்தித்தான் பேசுகிறார். கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லக் கூடாதா என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். சொல்லமாட்டேன் என்றேன்.

போன ஞாயிறு வளைவைத் தாண்டிச் சில அடி ஏறினோம். நின்று மூச்சு வாங்கினார். பிறகு மலையே அதிரும்படி, "தங்கம், அருவி கேக்குதா?" என்றார். அந்தக் குரலைத் தவிர எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. கேட்கிறது என்று தலையாட்டினேன்.