ரைட்டம்மா வீட்டுச் சத்தம்

அந்த வீட்டை நான் விற்றிருக்க வேண்டும். பத்திரம் சுத்தம், வீடு நல்ல வீடு, பார்க்க வந்தவர்களும் நல்லவர்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் கெடுத்தது அந்த வீட்டு அம்மாவேதான். வயிற்றெரிச்சலோடுதான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வீட்டுத் தரகன். அதே தெருமுனையில் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அதுதான் என் ஆபீஸ். அந்த அம்மாவை எனக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். அறிமுகமே அவமானத்தில்தான் தொடங்கியது. நான் காலேஜுக்குப் போன பஸ்ஸில் அவர் கண்டக்டர். படியில் தொங்கிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, "உள்ள வா, இல்ல இறங்கு" என்று இரண்டு தடவை சொன்னார். நான் பல்லைக் காட்டினேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை. பஸ் நின்றது, நான் இறங்கினேன், பஸ் முழுக்கச் சிரித்தது. "ரைட்!" என்று ஒரு சத்தம். பஸ் போய்விட்டது. பரீட்சை அன்று ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன்.

அந்தச் சத்தத்தால்தான் அவருக்கு ரைட்டம்மா என்று பெயர் வந்தது. விசில் கழுத்தில் சும்மா தொங்கும். பின் படியிலிருந்து அவர் குரல் கொடுத்தால் என்ஜின் இரைச்சலைத் தாண்டி டிரைவர் காதில் போய் விழும். முப்பத்தோரு வருஷம் அப்படிக் கத்தியே பிழைத்தவர். பெண் கண்டக்டர் என்றால் திரும்பித் திரும்பிப் பார்த்த காலத்தில் வேலைக்கு வந்தவர். குடித்துவிட்டு ஏறியவனும் சரி, பாஸ் காட்டாமல் முறைத்த அதிகாரியும் சரி, அவரிடம் வாலாட்ட முடியாது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஏறுகிற ஒவ்வொருவரையும் "எங்க போகணும்?" என்று கேட்பார். தப்பான பஸ்ஸில் ஏறியிருந்தால், வண்டி கிளம்பியிருந்தாலும் நிறுத்துவார். "இது அங்க போகாது, இறங்கிக்கோங்க, எதிர்ப்பக்கம் நில்லுங்க" என்று கையைக் காட்டி அனுப்புவார். வண்டி தாமதமாகிறது என்று ஒருமுறை மெமோகூடக் கொடுத்தார்கள். பதிலில் அவர் எழுதியது டிப்போவில் எல்லோருக்கும் மனப்பாடம்: தெரிந்தே தப்பான பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவது திருட்டு.

கணவர் அதே டிப்போவில் மெக்கானிக். மனைவிக்கும் சேர்த்து வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர். அவரிடம் பெரிதாக இருந்தது ஒன்றே ஒன்று, தும்மல். காலையில் எழுந்ததும் எட்டுத் தும்மல், கூடாது, குறையாது. அவர் தும்மத் தும்ம ரைட்டம்மா அடுப்படியிலிருந்து எண்ணுவாராம். "ஆறு... ஏழு... இன்னும் ஒண்ணு பாக்கி, சீக்கிரம் இறக்குங்க!" எதிர்வீட்டுக்காரர்கள் வரைக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்கு டைல்ஸ் கடைக்காரர் குடிவந்தார். முதலில் ஒரு நாய் வந்தது, பிறகு அதற்குத் துணைக்கு ஒன்று, பிறகு காவலுக்கு இரண்டு. நான்கும் ரைட்டம்மா வீட்டுச் சுவரை ஒட்டிய சந்தில் கிடக்கும். காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை குரைப்பு. தபால்காரருக்கு, காக்காய்க்கு, காற்றில் ஆடிய ஈரத்துணிக்கு, ஒன்றுமே இல்லாவிட்டால் அந்த ஒன்றுமில்லாததற்கு.

ரைட்டம்மா முறையாகத்தான் போய்க் கேட்டார். டைல்ஸ்காரர் வாசலில் நின்றபடியே பதில் சொன்னார். "நாய்னா குரைக்கத்தானே செய்யும்? அதுங்க காரணமில்லாம குரைக்காதும்மா. உங்க வீட்லதான் ஓயாம சத்தம். நீங்க கொஞ்சம் அடக்கி வாசிச்சா அதுங்க ஏன் குரைக்கப்போகுது?" ரைட்டம்மா நகராட்சி ஆபீஸில் மனு கொடுத்தார். அங்கே இருந்தவர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடிச்சுதா? கடிச்சா வாங்க" என்றார்.

இங்கேதான் அந்தத் தம்பதி ஒரு பெரிய தப்புச் செய்தார்கள். டைல்ஸ்காரர் திமிராகச் சொன்னதை யோசனை என்று எடுத்துக்கொண்டு, அடக்கி வாசிக்க ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர் மெக்கானிக். வம்பு வேண்டாம் என்பது அவர் கொள்கை.

வீட்டை விற்க வேண்டும் என்று மெக்கானிக் என்னைக் கூப்பிட்டபோதுதான் அதையெல்லாம் கண்ணால் பார்த்தேன். காலிங் பெல்லை அழுத்தினேன், அடிக்கவில்லை. ஒயரைப் பிடுங்கி விட்டிருந்தார்கள். கேட் கொண்டியில் துணி சுற்றியிருந்தது. உள்ளே நாற்காலியை இழுக்கப் போனேன், மெக்கானிக் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். இரண்டு கையாலும் நாற்காலியைத் தூக்கிக் குழந்தையைப் போல் இறக்கி வைத்தார். நான்கு கால்களிலும் பழைய டயர் ட்யூப் வெட்டி மாட்டியிருந்தது. பாத்திர அலமாரியில் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே துண்டு. விசில் அடிக்கும் என்று குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். டிவியில் ஒருவர் சத்தமே இல்லாமல் செய்தி வாசித்தார், மெக்கானிக் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

அளவு குறிக்கும்போது என் பேனா கை தவறி விழுந்தது. ஒரு பேனா! நான்கு நாய்களும் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வருவதுபோல் குரைத்தன. கால் மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அப்போதே ஒன்று பட்டது. சத்தமே இல்லாத வீட்டில் ஒரு பேனா விழுவதுகூட நாய்க்குப் பெரிய சமாச்சாரம். ஆனால் நான் விற்க வந்தவன், வாயைத் திறக்கவில்லை.

ஓய்ந்த பிறகு ரைட்டம்மா பேசினார். பேசினார் என்றா சொல்வது? கிசுகிசுத்தார். பஸ்ஸையே நிறுத்திய அந்தக் குரல், உள்ளங்கைக்குள் வைத்துப் பேசுவதுபோல் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. என்னை நடுரோட்டில் இறக்கிவிட்டவர்தான், ஆனாலும் பிடிக்கவில்லை.

"இவர் தும்மலையும் அடக்குறார் தம்பி. தலகாணில மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டு. அடக்கி அடக்கி வலது காது பாதிதான் கேக்குது. அடக்கவே கூடாதுன்னு டாக்டர் திட்டுறார்."

"காது போனா நல்லதுதானே, குரைக்கிறது கேக்காது" என்று மெக்கானிக் சிரித்தார். அதையும் சத்தமில்லாமல்தான் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"உங்களுக்கு விக்க இஷ்டமாக்கா?" என்றேன்.

"நாங்க ரெண்டு பேரும் ஓவர்டைம் பார்த்துக் கட்டின வீடு. அவருக்குப் போயிடணும்னு இருக்கு. அவர் காதுக்காக நானும் சரின்னேன்."

எந்த வீட்டுக்கும் ஒரு குறை இருக்கும். அதை மறைப்பதுதான் எங்கள் தொழில் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் மறைத்திருக்கிறேன். அந்த நாய்களுக்குப் பத்தரை மணிக்குச் சோறு வைப்பார்கள். தின்றுவிட்டு ஒரு மணி நேரம் தூங்கும், சின்னச் சத்தம் கேட்காத வரைக்கும். ஆகவே பதினொரு மணிக்கு ஒரு இளம் ஜோடியை அழைத்துப் போனேன். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றச் சொன்னேன். கேட்டால், தரை இப்போதுதான் துடைத்தது என்று பதில் தயாராக இருந்தது.

எல்லோரும் மெல்லப் பேசினோம். எங்களைப் பார்த்து அவர்களும் மெல்லப் பேசினார்கள். அந்தப் பெண் என் காதருகே வந்து, "உள்ள யாருக்காவது உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டாள். "வீடே இப்படித்தாம்மா, ஈ காக்கா சத்தம்கூட இருக்காது" என்றேன். சொல்லும்போது நாக்கு கூசவில்லை. இப்போது எழுதும்போது கூசுகிறது.

கூடம் பிடித்தது, இரண்டு படுக்கையறையும் பிடித்தது, கொல்லைப்பக்கத்துத் துவைக்கிற கல்லைக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துப் பிடித்துப் போனது. பையன் முன்பணம் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டான். அந்தப் பெண்தான் நேராக அடுப்படிக்குப் போய் ரைட்டம்மாவிடம் கேட்டாள்.

"அம்மா, நான் ஆஸ்பத்திரில நர்ஸ். பாதி நாள் நைட் டியூட்டி. பகல்லதான் தூங்கணும். இப்ப இருக்கிற வீட்ல ஒரே இரைச்சல், தூக்கமே இல்லாம போன மாசம் ஊசி மருந்தையே மாத்தி எடுத்துட்டேன், நல்லவேளை பக்கத்துல இருந்தவங்க பார்த்தாங்க. இங்க அமைதியா இருக்குமா?"

ரைட்டம்மா என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கும்பிட்டேன். பிறகு கணவரைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மெக்கானிக்குக்குத் தும்மல் வந்துவிட்டது. தோளில் இருந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, முகமெல்லாம் சிவந்து நெஞ்சு குலுங்க நின்றார். அடக்கி முடித்ததும் வலது காதைப் பொத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அறுபத்திரண்டு வயசு மனிதர், சொந்த வீட்டில், தும்மியதற்குப் பயந்து திரும்பிப் பார்த்தார்.

ரைட்டம்மா கையிலிருந்த கரண்டியை மேடையில் போட்டார். வைக்கவில்லை, போட்டார். கொல்லைக் கதவைத் தாழ் தெறிக்கத் திறந்து, துவைக்கிற கல் பக்கத்தில் போய் நின்று, இடுப்பில் கையை வைத்தார்.

"ரை...ட்! போலாம், ரை...ட்!"

இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். என் கால்கள் தாமாகவே ஒரு அடி பின்னால் போயின. நான்கு நாய்களும் எழுந்து காட்டுக் கத்தல் கத்தின. அந்தக் கத்தலுக்கு மேலே ரைட்டம்மாவின் குரல் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"கேட்டுக்கம்மா! காலைலேர்ந்து பொழுது சாயறவரைக்கும் இதே கச்சேரிதான்! நீ போற எடத்துக்கு இந்த பஸ் போகாது. இறங்கிக்கோ!"

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிட்டே போய் அவர் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, கணவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? உங்களுக்குத்தானே நல்லது செஞ்சேன்?" என்று நானும் கத்தினேன். கத்தாமல் அங்கே பேச முடியாது.

"யாருக்கு நல்லது? நாலு நாயிக்குப் பயந்து நான் ஓடணும். அதுக்கு அந்தப் பொண்ணை ஏமாத்தி என் எடத்துல உக்கார வைக்கணும். அதானே?" பிறகு கணவரிடம் திரும்பினார். "நாம எங்கயும் போகப்போறதில்ல. என் வீட்ல நான் திருடி மாதிரி நடந்தது போதும். தும்முங்க நீங்க!"

மெக்கானிக் தும்மவில்லை. வந்த தும்மல் பயத்தில் போய்விட்டது.

மறுநாள் முதல் அந்த வீட்டில் சத்தம் திரும்பியது. பரணிலிருந்து குக்கர் இறங்கியது. கேட் துணி அவிழ்ந்தது, பெல் ஒயர் சேர்ந்தது. டிவியில் செய்தி வாசிப்பவருக்கு வாய் வந்தது. ரைட்டம்மா துணி துவைத்துக்கொண்டே தன் பழைய ரூட்டில் உள்ள அத்தனை ஸ்டாப்பையும் வரிசையாகக் கூவினார். "மார்க்கெட் இறங்கு! ஆஸ்பத்திரி இறங்கு! உள்ள போ, உள்ள போ, நடுவுல எவ்வளவு எடம் கெடக்கு!" முதல் வாரம் நாய்கள் தொண்டை கிழியக் குரைத்தன. தெருவே சபித்தது. என் ஆபீஸில் போன் பேச முடியவில்லை.

மூன்றாவது வாரம் அவர் "மார்க்கெட்" என்றால் ஒரு நாய்தான் எழுந்தது. ஒரு மாதத்தில் அதுவும் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்தது. நாய்கள் திருந்திவிட்டன என்று எழுதினால் அது பொய். தபால்காரருக்குக் குரைக்கின்றன, எனக்குக் குரைக்கின்றன. ரைட்டம்மாவுக்குக் குரைப்பது மட்டும் அவற்றுக்கு அலுத்துவிட்டது.

அலுக்காதவர் டைல்ஸ்காரர் ஒருவர்தான். ஒருநாள் என் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தார். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. "அந்தம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே? கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. காலைல அஞ்சரைக்கே ஆரம்பிச்சிடறாங்க. மனுஷன் வீட்ல இருக்க முடியல."

தூது போவதும் எங்கள் தொழில்தான். மறுநாள் காலையிலேயே போனேன். ரைட்டம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். துருவுவதை நிறுத்தவில்லை.

"அவர்கிட்ட சொல்லு. கண்டக்டர்னா கத்தத்தானே செய்வா?"

இதைச் சொல்லி முடிக்கவும் கூடத்தில் மெக்கானிக் எழுந்து நிற்கவும் சரியாக இருந்தது. மூக்கு விடைத்தது, கண் சுருங்கியது. கை பழக்கத்தில் துண்டைத் தேடிப் போயிற்று. பாதி வழியில் அந்தக் கை நின்றது. துண்டைத் தோளிலிருந்து எடுத்து நாற்காலியில் போட்டார். அந்தச் சுவரைப் பார்த்து நன்றாகத் திரும்பி நின்றுகொண்டார்.

தும்மினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நான்கும் குரைத்தன. அவர் காத்திருக்கவில்லை, இன்னொன்று, அதற்குள் மற்றொன்று.

"மூணு!" என்றார் ரைட்டம்மா அடுப்படியிலிருந்து, தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில். "இன்னும் அஞ்சு பாக்கி! விடாதீங்க!"