அடுத்த பக்கத்துக்கு ஓடிய எண்கள்

ஒரு பொருளைச் செய்ய எத்தனை பேர் வேண்டுமோ, அதைச் செய்தோம் என்று தாளில் காட்ட அதைவிட இரண்டு பேர் கூடுதலாக வேண்டும் என்பது தொழிற்சாலை நியதி. அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார் இருக்கைக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஆலையில், தரப் பிரிவில், ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியாளர். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று உற்பத்தி லைனில் தொங்கும் தாள் முதல், கழிப்பறைக் கதவில் ஒட்டும் அறிவிப்பு வரை எல்லாம் என் கணினி வழியாகத்தான் வெளியே போகும். எழுதுவது என் வேலை இல்லை. மற்றவர்கள் கோணலாக எழுதியதை நேராக்குவதுதான் வேலை. ஒரு பத்தியை ஓர் அங்குலம் நகர்த்தப் போய் மொத்தப் பக்கத்தையும் தொலைத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் தயங்காமல் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது எனக்கு மூன்றாவது நிறுவனம். முந்தைய இரண்டிலும் பயிற்சிக் காலம் முடிந்த அன்று “கூப்பிடுறோம்மா” என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார்கள். இன்றுவரை கூப்பிடவில்லை. இங்கே எங்கள் மேலாளர் “கஸ்டமர் ஆடிட் முடியட்டும்மா, உன்னை கன்ஃபர்ம் பண்றதைப் பத்திப் பேசலாம்” என்று சொல்லியிருந்தார். ஆகவே, எங்களிடம் சட்டம் வாங்கும் கார் நிறுவனம் வந்து சோதிக்கும் அந்த ஆடிட் வரைக்கும் ஒரு புள்ளிகூட இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

எறும்பு

லைன் சூப்பர்வைசர் குணசேகரன் அண்ணன் மண்ணூர்க்காரர். போல்ட் தாள்கள் அத்தனையையும் தட்டச்சு செய்தவர் அவர்தான். இடது பக்கம் போல்ட்டின் பெயர், வலது பக்கம் இறுக்க வேண்டிய அளவு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஸ்பேஸ் பாரை அழுத்தியே நிரப்பியிருந்தார். எண்கள் ஒரு வரியில் உள்ளே, ஒரு வரியில் வெளியே என்று ஊர்க் குளத்துப் படிக்கட்டு மாதிரி இறங்கி வந்தன. மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொரு இடைவெளியும் ஒரு கரும்புள்ளியாகத் தெரிய, பக்கம் முழுக்கப் புள்ளி.

“இதுக்குன்னே டேப்னு ஒரு விசை இருக்குண்ணா. ஒரு தட்டுக்கு அரை அங்குலம் நகரும்” என்று மெதுவாகச் சொல்லிக் கொடுத்தேன். அந்த வாரமே எல்லாத் தாள்களையும் மாற்றிவிட்டார். எப்படி? எண் தன் இடத்துக்குப் போய்ச் சேரும் வரை ஒவ்வொரு வரியிலும் நாலு தடவை, அஞ்சு தடவை டேப் தட்டி. ஆனாலும் அந்தப் புள்ளிகளைப் பார்த்த அதிர்ச்சி அவருக்குத் தீரவில்லை. தேநீர் இடைவேளையில் எல்லார் முன்னாலும் கேட்டார்: “இன்னாமா, என் ஃபைல்ல எறும்பு மொய்க்குது? நீ கை வெச்சதுக்கு அப்பாலதான் இப்டி கீது.”

ஒல்லி அறிவிப்பு

மனிதவளப் பிரிவு சுமதி மேடம் ஒரு நாள் பதறிக்கொண்டு அழைத்தார். விடுமுறை அறிவிப்பைத் திருத்தும்போது திரையின் மேலே இருக்கும் அளவுகோலில் கை பட்டுவிட்டது. வலது ஓரத்தைக் காட்டும் சின்ன முக்கோணம் இடது ஓரத்துக்குப் பக்கத்தில் நகர்ந்துவிட்டது. வரிக்கு ஒரு வார்த்தை என்று எழுத்துகள் செங்குத்தாக இறங்கிக்கொண்டிருந்தன. பத்து வரியில் முடிய வேண்டிய அறிவிப்பு நான்கு பக்கம் போயிருந்தது.

முக்கோணத்தைப் பிடித்துப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டேன். அவ்வளவுதான், அறிவிப்பு மறுபடி சதை போட்டுவிட்டது. மேடத்துக்கு நிம்மதி. ஆனால் நான் வருவதற்குள் அவர் ஒரு பிரதியை எடுத்து வாசலில் ஒட்டியும் விட்டார். போய்ப் பார்த்தால் முதல் பக்கம் மட்டும் தொங்குகிறது. மீதி எங்கே என்று கேட்டேன். “ரெண்டாவது பக்கம்னாலே உங்க மேனேஜர் சார் சத்தம் போடுவார்மா. பேப்பர் சேமிக்கணும்னு போன மாசம்தானே சர்க்குலர் விட்டார்? அதுவும் நீதான்மா டைப் பண்ணே.”

காற்றோட்டம்

ஆடிட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேலாளர் என்னையும் குணசேகரன் அண்ணனையும் கூட்ட அறைக்கு அழைத்தார். திரையில் ஒரு போல்ட் தாள். “எல்லாம் ஏன் இப்படி நெருக்கியடிச்சு நிக்குது? நெரிசல்ல கம்பெனி பஸ் மாதிரி இருக்கு” என்றார். எங்கேயோ தேடி, டேப் இடைவெளி என்ற பெட்டியைத் தானே கண்டுபிடித்து, அரை அங்குலத்தை ஓர் அங்குலம் ஆக்கினார். அந்த ஒரு தாளில் மட்டும் போல்ட்டின் பெயர்கள் நீளம் என்பதால் வரிக்கு இரண்டே டேப். எண்கள் நாகரிகமாக விலகி நின்றன. எல்லாத் தாள்களிலும் இதையே செய்யச் சொன்னார்.

மற்ற தாள்களில் வரிக்கு அஞ்சு டேப் என்பது எனக்குத் தெரியும். அஞ்சு தட்டு, தட்டுக்கு ஓர் அங்குலம் என்றால் எண் பக்கத்தைத் தாண்டிவிடும் என்று மனத்துக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் தொண்டை வரை வந்தது. கூட்டத்தில் என் குரல் வழக்கமாக அங்கேதான் நின்றுவிடும். “சரி சார்” என்றேன். இருபத்திரண்டு தாள்களிலும் மாற்றி, அச்செடுத்து, தயாரித்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் குணசேகரன் அண்ணன் போட்டார். ஒப்புதல் அளித்தவர் என்ற இடத்தில் மேலாளர், கைப்பேசியில் பேசிக்கொண்டே இருபத்திரண்டையும் போட்டு முடித்துவிட்டு எனக்கு அறிவுரை சொன்னார்: “காத்தோட்டம் இல்லாத டாக்குமென்ட்டை எந்த ஆடிட்டரும் மதிக்க மாட்டான்மா.”

தலையில் உட்கார்ந்தது

முத்துமாரி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் விடுதியில் தங்கியிருக்கிறாள். லைனில் போல்ட் இறுக்குவது அவள் வேலை. ஆடிட்டுக்கு முந்தைய நாள் காலை, லேமினேஷன் செய்த தாளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றாள்.

வாங்கிப் பார்த்தேன். முதல் போல்ட்டுக்கு நேராக ஒன்றுமே இல்லை. அதன் எண் வரியைத் தாண்டி, கீழே இறங்கி, இரண்டாவது போல்ட்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. இரண்டாவதின் எண் மூன்றாவதின் தலைமேல். இப்படியே போய்க் கடைசி எண் மட்டும் அடுத்த பக்கத்துக்கு ஓடியிருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் தொங்கவிடவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்: பேப்பர் சேமிப்பு. “இதைப் பார்த்தா இறுக்கினே?” என்று கேட்டேன்.

“நான் எதுக்குக்கா தாளப் பாக்கேன்? ரெண்டு வருசமா இறுக்குதேன், கைக்கே தெரியும். ஆனா மத்தியான ஷிப்டுக்குப் புதுசா நாலு பிள்ளைய வருது, அதுக தாளப் பாத்துதான இறுக்கும்? பெரிய போல்டு தலையில சின்ன போல்டு நம்பரு இருக்கு. இந்தக் கணக்குக்கு இறுக்குனா, கார்ல உக்காருதவன் பிரேக்கு போட்டதும் சீட்டோட வெளிய போயிருவான்.”

மூன்று கையெழுத்து

மேலாளர் அறைக் கதவுக்கு வெளியே நின்று வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். டேப்பை மாற்றியது அவர் என்று சொன்னால், என்னை நிரந்தரம் செய்யக் கையெழுத்துப் போடப் போகிறவரிடமே தப்பு உங்களுடையது என்று சொன்னதாகும். நான்தான் என்று சொன்னால் நான்காவது நிறுவனம் தேட வேண்டும். ஒன்றும் சொல்லாமல் தாள்களை மட்டும் மாற்றிவிடலாம்தான். ஆனால் இருபத்திரண்டையும் லைனிலிருந்து இறக்க அவர் உத்தரவு வேண்டும். கையில் கடிகாரம் இல்லாமலே மத்தியான ஷிப்டு நெருங்குவது கேட்டது.

உள்ளே போனேன். “சார், டேப்பை மாத்தினதுல எண்ணெல்லாம் ஒரு வரி கீழே இறங்கிடுச்சு. மாத்தச் சொன்னது நீங்க. படிக்காம அச்செடுத்தது நான். இப்பவே எல்லாத்தையும் இறக்கணும்.” அந்த நிறுவனத்தில் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அது. எனக்குப் பின்னாலேயே வந்த குணசேகரன் அண்ணன், “அஞ்சஞ்சு தபா டேப்பு தட்னது நானு சார், பாப்பாவ மட்டும் திட்டாதீங்க” என்றார். மேலாளர் தாளை வாங்கி, எண்களை ஒரு முறை பார்த்தார். பிறகு அடியில் இருந்த கையெழுத்துகளை வெகு நேரம் பார்த்தார். தன்னுடையதை இன்னும் கொஞ்சம் கூடுதலாக. “இறக்கு” என்றார். அப்புறம் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “மூணு பேரு கையெழுத்து போட்டிருக்கோம், ஒருத்தருக்குக்கூடவா படிக்கத் தெரியாது?”

ஆடிட்டர்

வரிக்கு அஞ்சு டேப்பை அழித்து ஒன்றே ஒன்று வைத்தேன். அந்த ஒன்று எங்கே போய் நிற்க வேண்டும் என்று அளவுகோலில் ஓர் இடம் குறித்தேன். இனி யார் எந்தப் பெட்டியில் எந்த அங்குலத்தை மாற்றினாலும் எண் அங்கேயே நிற்கும். இதை முதல் நாளே குணசேகரன் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பாதிப் பாடம் நடத்திய குற்றம் என்னுடையதுதான். மத்தியான ஷிப்டு மணி அடிப்பதற்குள் முத்துமாரியும் நானும் லைன் முழுக்க நடந்து புதிய தாள்களைத் தொங்கவிட்டோம். இந்த முறை தொங்கவிடும் முன் ஒவ்வொன்றையும் அவள் வாய்விட்டுப் படித்தாள்.

மறுநாள் ஆடிட்டர் வேறெங்கும் நிற்காமல் நேராக முத்துமாரியிடம் போய் நின்றார். மூன்றாவது போல்ட்டுக்கு எவ்வளவு என்று கேட்டார். பார்க்காமலே சொன்னாள். “தாளைப் பார்த்துச் சொல்லும்மா” என்றார். பார்த்தும் அதையே சொன்னாள். அவர் தாளை விரலால் மேலிருந்து கீழே தடவி, “எண்ணெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நிக்குதே, யார் வேலை?” என்று கேட்டார். குணசேகரன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மேலாளர் ஓர் அடி முன்னால் வந்தார்: “டேப் செட்டிங் எல்லாம் நானே நேரடியாப் பாக்குறது சார்.”

கடிதம்

ஆடிட் முடிந்த அடுத்த வாரம் சுமதி மேடம் கூப்பிட்டு, சிரித்தபடி ஒரு தாளை நீட்டினார். வலது ஓரம் நடுப்பக்கம் வரை வந்திருந்த ஒல்லிக் கடிதம். என் செயல்பாடு ஆராயப்பட்டது, திருப்திகரமாக இருந்தது என்று இறங்கி இறங்கி வந்து, “ஆகவே நிர்வாகம் இன்று முதல் தங்களை” என்ற இடத்தில் தாள் முடிந்துவிட்டது. என்ன செய்கிறது என்று இல்லை. கீழே இடம் இல்லாததால் மேலாளர் பக்கத்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். இதையும் அவர் படிக்கவில்லை.

முந்தைய இரண்டு நிறுவனங்களும் கண் முன்னால் வந்து போயின. “மேடம், என்னை என்ன செய்யறாங்க?” என்று கேட்டேன். அவர் திரையைத் திருப்பினார். இரண்டாம் பக்கத்தின் உச்சியில், தனியாக, ‘பணியில் நிரந்தரம் செய்கிறது’.

“அந்தப் பக்கத்துல அந்த ஒரு வரிதாம்மா இருந்துச்சு. ஒரு வரிக்கு ஒரு பேப்பரான்னு விட்டுட்டேன்.”

ஆக, வேலை நிரந்தரமானவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் அடுத்த பக்கத்தில் கிடந்த தன் நிரந்தரத்தை, முக்கோணத்தைப் பிடித்து இழுத்து முதல் பக்கத்துக்குத் தானே கொண்டுவந்து, அச்செடுத்து, மேலாளரிடம் மறுபடி கையெழுத்து வாங்கி, இந்த முறை அவரை வாய்விட்டுப் படிக்கவும் வைத்தவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.