சிவப்புப் பாவின் மேல் இறங்கினோம்

கராச்சியிலிருந்து கொழும்புவரை எங்கள் இரண்டு இருக்கை விமானத்தில் பறந்துவிட வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. வழியில் குமாரபாளையத்தில் இறங்கியே ஆக வேண்டும் என்பது அங்கே வாழ்க்கைப்பட்ட அவருடைய அக்காவின், நான் அண்ணி என்று கூப்பிடுபவரின், உத்தரவு. சென்ற மாசியில் இரண்டும் ஒரே பயணத்தில் கூடிவந்தன. இந்த வழியில் பறக்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று அந்த ஒரு கட்டத்தை மட்டும் எழுதுகிறேன்.

பல்லாரியில் விடியும்போதே கிளம்பினோம். குமாரபாளையம் இருநூற்று அறுபது மைல் இருக்கும். அண்ணி தம் ஊரில் முன்கூட்டியே பெட்ரோல் டின்களை வரவழைத்து வைத்திருந்ததால், நிரப்பிக்கொள்ளப் பெங்களூரில் இறங்கவில்லை. அது தப்பு என்பது எதிர்காற்று அடிக்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

ஆனால் ஓமலூரைத் தாண்டியதும் தப்பு, சரி எல்லாம் மறந்துபோயிற்று. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. இடப்பக்கம் சேர்வராயன் மலை பாதி கரைந்து நின்றது. கீழே சோளக்கொல்லைகள், பனைமரங்கள், ஊர்ந்துபோகும் ஒரு கட்டைவண்டி. நாங்கள் நகர்கிறோமா, பூமி நகர்கிறதா என்றே தெரியவில்லை. விழித்துக்கொண்டே கனவு காணலாம் என்று யாராவது சொன்னால் இனி நம்புவேன்.

காவிரி தெரிந்ததும், பின் இருக்கையிலிருந்து விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரின் குரல் பேச்சுக்குழாயில் வந்தது. "வெள்ளைத் துணி தெரியுதா பாரு. கால் மணி நேரத்துக்குத்தான் பெட்ரோல் இருக்கு."

கல் பொறுக்கிச் சமன்செய்த ஒரு வயலில் வெள்ளை வேட்டி விரித்து வைப்பதாக ஏற்பாடு. எட்டிப் பார்த்தேன். ஆற்றங்கரை முழுக்க வெள்ளை! அலசிப் போட்ட வேட்டிகள், காயும் நூல், பாறைக்குப் பாறை துணி. நெசவாளர் ஊரில் வெள்ளைத் துணியை அடையாளமாகச் சொன்ன எங்கள் புத்திசாலித்தனத்தை என்னவென்பது? சமன்செய்த அந்த வயலைத் தவிர எங்கே இறங்கினாலும் பாறையில் மோதிச் சாக வேண்டியதுதான். சுற்றிச் சுற்றி வந்தோம். எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை அழகையும் பார்த்துக்கொண்டே சாகப்போகிறோமே என்று அதைவிட வருத்தமாகவும் இருந்தது.

அப்போது ஊர்த் தெருவிலிருந்து நீளமாக ஒரு சிவப்புக் கோடு கிளம்பிற்று. நெளிந்து நெளிந்து கிழக்கே போய், ஒரு வயலில் நேராகப் படுத்தது. "அதோ!" என்று கத்தினேன். அதை ஒட்டியே இறக்கினார். கடைசி நேரத்தில் சக்கரம் திரும்பி, கோட்டின் மேலேயே ஏறி நின்றது.

அது பாவு. சேலை நெய்வதற்கு முன் நீள நூல்களைத் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்களே, அது. அண்ணி வீட்டுத் தறிக்கு, நான்கு சேலைக்கான பாவு.

"சுத்திச் சுத்திப் போறதைப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு அம்மிணி. கஞ்சி ஈரத்தோட தெருவே தூக்கிட்டு ஓடியாந்தோம்" என்றார் அண்ணி, மூச்சு வாங்க.

சக்கரத்தில் அறுந்து சிக்கியிருந்த நூலைப் பார்த்து என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "நூல் கெடக்குது, உடு சாமி. நீ வந்து சேந்தியே" என்று அண்ணி தம்பியின் கன்னத்தைத் தடவினார்.

சாப்பிடும்போது அண்ணி என்னிடம் கேட்டார்: "மேல இருந்து பாக்கறப்ப எங்க ஊடு தெரிஞ்சுதா அம்மிணி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாக் கூரையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது என்றேன். அண்ணியின் முகம் சின்னதாகிவிட்டது.

பறக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசிக் காலையில் வாருங்கள், வெயில் ஏறினால் விமானம் குலுக்கி எடுத்துவிடும். பெங்களூரில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். காதுக்குப் பஞ்சு அவசியம். அடையாளத்துக்கு, அந்த ஊரில் காயப்போடாத நிறமாகப் பார்த்துச் சொல்லுங்கள். அங்கிருந்து திருச்சி போக நாமக்கல் கோட்டைப் பாறையைப் பார்த்துக்கொண்டு போனால் வழி தவறாது.

மறுநாள் காலை கிளம்பியதும் ஊரை ஒருமுறை சுற்றினோம். ஒரு வீட்டு வாசலில் அந்தச் சிவப்புப் பாவு, அறுந்தும் சிக்கியும் போனது போனபடியே, நீளமாக விரிந்து கிடந்தது. பக்கத்தில் அண்ணி அண்ணாந்து இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா வீடு தெரியுதுங்க" என்று குழாயில் சொன்னேன்.

விமானம் இன்னொரு சுற்று சுற்றியது.