பச்சை குத்திய கையும் வெந்நீர் ஊற்றும்

திருநகரில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு வெளியே தினமும் காலையில் ஒரு குரல் கேட்கும். "சூடு போதுமாங்க?" அம்மா வெந்நீரை விளாவி வாளியை உள்ளே வைத்துவிட்டு, கையில் செம்போடு கதவோரம் நிற்பாள். அது எவ்வளவு கொதித்தாலும், "பத்தல, இன்னும் ரெண்டு செம்பு ஊத்து" என்பார் அப்பா. சித்திரை வெயிலிலும் வெந்நீரில் குளித்த மனிதர் அவர்.

அவர் போன பிறகு அம்மா வெந்நீர் போடுவதையே விட்டுவிட்டாள். தனக்கென்று எதையும் கேட்பதையும் விட்டுவிட்டாள். எங்கே கூப்பிட்டாலும் "நீ போய்ட்டு வா" என்பாள். அந்த மூன்று வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜப்பானில் வேலை பார்க்கும் தம்பி ஒருநாள் வீடியோ ஒன்று அனுப்பினான். மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஆவி பறக்கும் குளத்துக் கரையில் சிலர் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அதை மூன்று தடவை பார்த்தாள். "அதுல ஒருவாட்டி உக்காரணும்டி. முட்டிக்கு எம்புட்டு எதமா இருக்கும்!" இரண்டு வருடங்களில் அவள் சொன்ன முதல் ஆசை. நான் விடுவேனா? மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு அலைய ஆரம்பித்துவிட்டேன்.

தம்பியோடு அந்த ஊரில் இறங்கியதும் பட்டாசு வெடித்து முடிந்த தெருவின் வாசனை அடித்தது. கந்தகமாம். சாக்கடை மூடியின் இடுக்கிலெல்லாம் ஆவி வந்தது. பருத்தி அங்கியும் மரச் செருப்புமாக ஜனங்கள் ஒரு குளியலிலிருந்து இன்னொரு குளியலுக்கு ஹாயாக நடந்துகொண்டிருந்தார்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "விறகு இல்ல, கேஸ் இல்ல. இம்புட்டு வெந்நியும் சும்மா ஓடுது பாரேன்!"

விடுதியில் எங்களுக்கும் அந்த அங்கியைக் கொடுத்தார்கள். அம்மா அதைப் புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அப்போது அதன் கை மேலே ஏறியது. விடுதிக்கார அம்மாளின் சிரிப்பு சட்டென்று நின்றது. அம்மாவின் இடது முன்கையில் அப்பாவின் பெயர் பச்சை குத்தியிருக்கும். கல்யாணமான வருடம், திருவிழாக் கூட்டத்தில், வைகை மணலில் உட்கார்ந்து குத்திக்கொண்டது.

தம்பி நெளிந்தான். "பச்சை குத்துனவங்கள இங்க குளிக்க விட மாட்டாங்கக்கா. ரௌடிங்கதான் குத்திக்கிருவாங்களாம்."

"நம்மம்மாவாடா ரௌடி?"

விடுதிக்காரம்மாள் தோல் நிறத்தில் பெரிய பிளாஸ்திரி ஒன்றைக் கொண்டுவந்தாள். அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அவரை மூடிவச்சிட்டு நான் மட்டும் சொகமா குளிக்கவா? எனக்கு வேணாம். நீ போய்ட்டு வா."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "ஒரு பிளாஸ்திரிம்மா! குளிச்சிட்டு உரிச்சிரலாம். இதுக்கா ப்ளேன் ஏறி வந்தோம்?" என்று கத்தினேன். உள்ளுக்குள் பயம். இதை அனுபவிக்காமல் ஊர் திரும்பினால், இனி இவள் எதையுமே கேட்க மாட்டாள்.

என்ன எழுதியிருக்கிறது என்று விடுதிக்காரம்மாள் கேட்டாள். தம்பி அம்மாவைப் பார்த்தான். அவளா சொல்வாள்? ரேஷன் கடையில் புருஷன் பெயரைக் கேட்டாலும் கையைத்தான் நீட்டுவாள். இங்கேயும் அதையே செய்தாள். தம்பிதான் வாசித்து, விவரம் சொன்னான். அந்த அம்மாள் பெயரை மூன்று துண்டாக உடைத்துத் திருப்பிச் சொன்னாள். அம்மா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு விடுதிக்காரம்மாள் தம்பியிடம் ஏதோ பேசினாள். குடும்பத்தோடு குளிக்க ஒரு சின்னத் தொட்டி இருக்கிறதாம், கதவைப் பூட்டிக்கொள்ளலாமாம், எதையும் மூட வேண்டாமாம்.

உள்ளே போனால் அடுத்த வம்பு. அம்மா வீட்டில் குளிப்பதுபோலப் பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு நின்றாள். துணியோடு தொட்டியில் இறங்கக் கூடாது என்றேன்.

"உன் முன்னாடியா?"

"நீ என்னைக் குளிப்பாட்டுனதே இல்லையாக்கும்?"

ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, என் தோளைப் பிடித்தபடி ஒவ்வொரு காலாக இறங்கினாள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்ததும் கண்ணை மூடி, "அப்பாடா" என்றாள். இடது கை மட்டும் தொட்டியின் விளிம்பில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதையும் மெதுவாக இறக்கினாள். தண்ணீருக்குள் தெரிந்த பெயரைக் குனிந்து பார்த்தாள்.

"சூடு போதுமாங்க?"

அப்பா இல்லாதது அந்த ஒரு நொடியில் வலித்ததுபோல அதற்கு முன் வலித்ததில்லை. கேட்ட கேள்வியை அப்படியே விட மனசு வரவில்லை. குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "பத்தல, இன்னும் ரெண்டு செம்பு ஊத்து" என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று நினைப்பதற்குள் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி என் முகத்தில் அடித்தாள். "உங்கப்பன் புத்தி அப்படியே இருக்கு!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

வெளியே வந்ததும் ஈரத்தலையைக்கூடத் துவட்டாமல் தம்பியிடம் போனாள். "ஏப்பா, சாயங்காலமும் அந்தக் கதவைப் பூட்டிக்கிறலாமான்னு அந்தம்மாட்ட கேளு."